ராமநாதபுரம் கடற்கரையில் நாய்க்கு சிசேரியன்: முன்னேற்பாடும் தாய்ப் பராமரிப்பும்

சினை நாய் வைத்திருக்கிறவர் இந்தக் கரையில் முதலில் போட வேண்டியது தூரக் கணக்கு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அங்கிருந்து மதுரை இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். ஊரில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிற கால்நடை மருந்தகம் பக்கத்திலேயே இருக்கலாம். ஆனால் நடுராத்திரியில் நாய்க்கு மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து, குட்டிகளை எடுத்துத் தைக்கிற வசதி எல்லா இடத்திலும் இருக்காது. அதனால் ‘இரண்டு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்’ என்று யாராவது சொன்னால், அந்த இரண்டு மணியில் பயண நேரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் நீங்கள் பொறுக்கலாம். பாம்பனுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சில நேரம் அந்த மிச்சம் பூஜ்யம்.

எந்த நாய்க்கு வர வாய்ப்பு அதிகம்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, தெருவில் வளரும் நாட்டு நாய் இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் யார் துணையும் வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு ஒடுக்கம். புல்டாக் வகை வைத்திருப்பவர்கள் சிசேரியன் நடக்கும் என்றே வைத்துக்கொண்டு தேதி குறித்துவிடுவது நல்லது. சின்ன உடம்புள்ள ஸ்பிட்ஸ், டாஷ்ஹண்ட் ஆகியவற்றிலும் குட்டி சிக்குவது உண்டு.

இனம் எதுவானாலும் இன்னும் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒற்றைக் குட்டி. பிரசவத்தைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை குட்டிகளிடமிருந்து வருகிறது. ஒரே குட்டி என்றால் அந்தச் சமிக்ஞை பலவீனம், குட்டியும் அளவுக்கு மீறி வளர்ந்துவிடும். இரண்டு, பழைய இடுப்பு முறிவு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியில் அடிபட்டுப் பிழைத்த நாய்கள் நம் ஊர்களில் நிறைய. நன்றாக ஓடித் திரியும், ஆனால் உள்ளே எலும்பு கோணிக்கூடி வழி குறுகியிருக்கும். மூன்று, கர்ப்பப்பை சோர்வு: வயதான நாய், மிகப் பருத்த நாய், ரொம்ப நேரம் முக்கிக் களைத்த நாய். மூன்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

நாள் கணக்கும் 45-ஆம் நாள் வேலைகளும்

நாயின் சினைக்காலம் 63 நாள் என்பது கருமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ணுவது. இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 வரை எதுவும் வரலாம். விந்து நாயின் உடம்பில் பல நாள் உயிரோடு காத்திருக்கும் என்பதுதான் காரணம். இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் ‘அறுபது நாள் ஆச்சு, ஆபரேஷன் பண்ணிடுங்க’ என்று அவசரப்படுத்தினால் நுரையீரல் முதிராத குட்டிகள் கைக்கு வரும். அவை சில மணி நேரம்கூடத் தாங்காது.

சரியான நாளைப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று வெப்பமானி. சினையின் 57-ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் டிஜிட்டல் வெப்பமானி வைத்து எழுதிவையுங்கள். நாயின் இயல்பு வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அது 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம். ஒரு வேளை தவறவிட்டால் அந்த இறக்கமே கண்ணில் படாமல் போகும். அதனால்தான் இரண்டு வேளை. இரண்டாவது, சினையைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் இரத்தத்தில் எவ்வளவு என்பது. மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே வந்துவிட்டால் குட்டிகள் வெளிவரத் தயார். மனிதர்களுக்கான பரிசோதனைக் கூடங்களிலும் இதைப் பார்க்கிறார்கள். கால்நடை மருத்துவரின் சீட்டோடு கேட்டுப் பாருங்கள்.

45-ஆம் நாளில் செய்ய வேண்டியது ஊர் ஊராக விசாரிப்பது. பகலில் யார், இரவில் யார், ஞாயிற்றுக்கிழமை யார் என்று தனித்தனியாகக் கேட்டு எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மாவட்டத் தலைநகரின் கால்நடை மருத்துவமனையிலும் மதுரையின் தனியார் கிளினிக்குகளிலும் கேளுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சாயல்குடிப் பக்கத்தாருக்கு முன்னதும் தொண்டிப் பக்கத்தாருக்குப் பின்னதும் தோதுப்படும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஊர்தியைக் கூப்பிடலாம். ஆனால் வயிறு திறக்கிற வேலை வண்டியில் வைத்துச் செய்வதல்ல. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கேட்கும்போது ‘நாய் பார்ப்பீங்களா’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘ராத்திரி சிசேரியன் செய்வீங்களா’ என்றே கேளுங்கள்.

55-ஆம் நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். குட்டிகளின் எலும்பு அதற்குள் இறுகியிருக்கும். மண்டையோடும் முதுகெலும்பும் எண்ணத் தெரியும். எத்தனை குட்டி என்று தெரியாமல் பிரசவம் பார்ப்பதில் பெரிய ஆபத்து, நான்கு வந்ததும் முடிந்தது என்று படுக்கப் போய்விடுவது. ஐந்தாவது உள்ளே செத்து அழுகும்.

இந்த நாட்களில் கால்சியம் டானிக் கொடுக்காதீர்கள். ‘சினையா இருக்கு, எலும்புக்குத் தெம்பு’ என்று மருந்துக்கடையில் தருவதை வாங்கி ஊற்றுவது இங்கே ரொம்பச் சாதாரணம். அதன் கேடு பால் கொடுக்கும்போதுதான் தெரியும், பின்னால் வருகிறது.

எப்போது கிளம்புவது

முதல் கட்டத்தில் நாய் சாப்பிடாது, மூச்சிரைக்கும், நடுங்கும், தரையைப் பறண்டும். கரையில் அவிழ்த்துவிட்டிருந்தால் படகின் அடியிலோ வலைக் குவியலுக்குள்ளோ போய் மணலைத் தோண்டிப் படுத்துக்கொள்ளும். இது 6 முதல் 12 மணி நேரம், தலைச்சூல் என்றால் ஒரு நாள்வரைகூட நீளும். இதில் பயமில்லை. பார்க்க வேண்டியது முக்கல் தொடங்கிய பிறகு.

வயிறு இறுகி, பலமாக முக்கி, 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வரவில்லையா, கிளம்புங்கள். விட்டு விட்டு லேசாக முக்கி இரண்டு மணி நேரம் ஆகியும் ஒன்றுமில்லையா, கிளம்புங்கள். உள்ளே இன்னும் குட்டி இருக்கிறது என்று எக்ஸ்ரே சொல்லியிருந்து, முன் குட்டி வந்து இரண்டு மணி தாண்டியிருந்தாலும் அப்படியே. வெப்பம் இறங்கி 24 மணி ஆகியும் பிரசவம் தொடங்காவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். நாய் துவண்டு விழுந்தாலோ, சிவந்த இரத்தம் ஒழுகினாலோ மணி பார்க்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் விட அவசரமானது பச்சை நீர். முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சையாக நீர் வந்தால் நச்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள்; உள்ளே இருக்கும் குட்டிக்கு மூச்சுக்காற்று அறுந்துகொண்டிருக்கிறது. அதே பச்சை நீர் முதல் குட்டிக்குப் பிறகு வந்தால் இயல்பு. நிறம் ஒன்றுதான், வரிசைதான் வேறு. புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

பின்னங்கால் முதலில் வந்தால் கோணல் பிரசவம் என்று அலற வேண்டாம். நாய்க்குட்டிகளில் பத்தில் நான்கு அப்படித்தான் வரும். பாதி வந்து நின்றுவிட்டால் கையில் வழுக்குக் களிம்பு தடவி, குட்டியின் இடுப்பையோ தோளையோ துணியால் பிடித்து, தாய் முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி மெதுவாக இழுக்கலாம். காலை மட்டும் பிடித்து இழுத்தால் மூட்டு கழன்று வரும்.

இன்னொன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். முக்கல் நின்றுபோனதும் ‘ஒரு ஊசி போட்டா வந்துடும்’ என்று யாராவது கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் எடுத்து வருவார்கள். மாட்டுக்குப் பழகிய கை அது. குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது அந்த ஊசி கர்ப்பப்பையைக் கிழிக்கும். கிழிக்காவிட்டாலும் மிச்சக் குட்டிகளின் நச்சுக்கொடியைப் பிரித்துவிடும். வழி அடைத்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயிலோ கையாலோ பார்த்த மருத்துவர் மட்டும் போட வேண்டிய மருந்து. வீட்டு வாசலில் வேண்டவே வேண்டாம்.

வண்டியில்

தாய்க்குச் சாப்பாடு கொடுக்காதீர்கள். நாக்கு நனைகிற அளவு தண்ணீர் போதும். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். இரு சக்கர வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுபோவது கூடாது. காரிலோ ஆட்டோவிலோ பக்கவாட்டில் படுக்கவிடுங்கள். மல்லாத்தினால் கனத்த கர்ப்பப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தாய்க்கும் குட்டிக்கும் இரத்த ஓட்டம் குறையும்.

ஏற்கெனவே பிறந்த குட்டிகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி நம் ஊரில் எங்கும் கிடைக்கிறது. வாடை போகச் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்தியது ஒன்றை முன்பே எடுத்துவையுங்கள். அடியில் பருத்தித் துணி, ஓரத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பித் துண்டு சுற்றிய பாட்டில். மூடியைக் கழற்றிவிட்டு மெல்லிய துணி போர்த்துங்கள். மூடினால் மூச்சு முட்டும். பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கிற நேரம் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், ஈரக் குட்டி நிமிடங்களில் குளிர்ந்துபோகும்.

கூடவே எடுத்துக்கொள்ள வேண்டியவை: குட்டிக்கு இரண்டு வீதம் பழைய பருத்தித் துண்டு, குழந்தைகளுக்கு மூக்கு உறிஞ்சும் ரப்பர் பல்ப், கத்தரிக்கோல், கெட்டி நூல், டிங்சர் அயோடின், கிராம் காட்டும் சமையல் தராசு, வெப்பமானி. மருத்துவமனையில் இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். ஆறு குட்டி ஒரே நேரத்தில் வரும்போது அங்கே துண்டு போதாது, கையும் போதாது.

அறுவை மேசைக்கு முன்னும் பின்னும்

மருத்துவரிடம் கேட்க வேண்டியதை மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். முதலில் இரத்தத் தட்டணு. உண்ணிக் காய்ச்சல் இந்த வெப்பக் கரையில் சாதாரணம். வெளியே நன்றாகத் தெரியும் நாய்க்கும் தட்டணு இறங்கியிருக்கும், கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது. அடுத்தது மயக்க மருந்து. குட்டிகளுக்கு ஒத்துப்போவது புரோபோஃபால் ஊசியில் மயக்கி ஐசோஃபுளூரேன் வாயுவில் தொடர்வது. சைலசின் கொடுத்தால் குட்டிச் சாவு கூடுகிறது. கெட்டமினும் குட்டியின் மூச்சை அடக்கும். வாயு இயந்திரம் இல்லாத இடத்தில் முதுகில் போடும் ஊசியோடு லேசான மயக்கம் ஒரு வழி. தையலைப் பற்றியும் ஒரு வார்த்தை: தோலுக்கு உள்ளேயே ஓடும், தானே கரையும் தையல் கிடைத்தால் நல்லது. வெளியே முடிச்சு நீட்டிக்கொண்டிருந்தால் பால் குடிக்கும் குட்டிகள் பறண்டும், தாய் கடித்து இழுக்கும்.

அதே மயக்கத்தில் கருத்தடையும் செய்துவிடலாமா என்பது நிறையப் பேர் கேட்பது. கர்ப்பப்பையை எடுத்தால் பால் நின்றுவிடும் என்பது தவறு. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் மூளையடிச் சுரப்பியிலிருந்து வருகிறது. செய்வதில் தடை, நேரமும் இரத்த இழப்பும் கூடுவதுதான். தாய் தெம்பாக இருந்தால் செய்யலாம். ராத்திரி முழுக்க முக்கித் தளர்ந்து வந்த நாய்க்கு வேண்டாம். குட்டிகள் பால் மறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பப்பை கிழிந்திருந்தாலோ அழுகியிருந்தாலோ அது வேறு கதை, அப்போது எடுத்தே ஆக வேண்டும்.

குட்டி கைக்கு வந்ததும் உங்கள் வேலை இது. சவ்வைக் கிழித்து நீக்குங்கள். தலையைச் சற்றே தாழ்த்தி, வாயையும் மூக்கையும் துடைத்து, ரப்பர் பல்பால் வாயில் முதலில், பிறகு மூக்கில் சளியை உறிஞ்சுங்கள். காய்ந்த துண்டால் முதுகை மேலும் கீழும் நன்றாகத் தேயுங்கள். கத்தும்வரை நிறுத்தக் கூடாது, துண்டு நனைந்தால் மாற்றுங்கள். மூச்சு வராவிட்டால் மூக்கையும் வாயையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்துக் காற்று அளவு மட்டும் சின்னதாக ஊதுங்கள். விலாவில் இரண்டு விரல் வைத்தால் நெஞ்சுத் துடிப்பு தெரியும். துடிக்கிறவரை நம்பிக்கை உண்டு, 15 முதல் 20 நிமிடம் விடாமல் பாருங்கள். குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசி உதறுகிற பழைய பழக்கம் வேண்டாம். மூளையில் இரத்தம் கசியும்.

தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு நூலால் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டி, அயோடினில் தோய்த்துவிடுங்கள். வாயைத் திறந்து அண்ணம் பிளந்திருக்கிறதா, ஆசனவாய் திறந்திருக்கிறதா பாருங்கள். எடை போட்டு எழுதுங்கள். கர்ப்ப நீரில் நனைந்த துண்டில் ஒன்றைத் துவைக்காமல் தனியாகப் பையில் போட்டுவையுங்கள். அது வீட்டில் தேவைப்படும்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள்

அறுவை நன்றாக முடிந்தும் குட்டிகள் சாவது இந்த 48 மணி நேரத்தில்தான். இயல்பாக ஈன்ற தாய் குட்டியை நக்கி, மணத்தால் அறிந்து, தன்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறது. சிசேரியன் தாய் தூங்கி எழுந்து பார்க்கிறது. பக்கத்தில் ஏதோ நெளிகிறது, வயிறு வலிக்கிறது. சில தாய்கள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். சில கடித்துவிடும். பாதி மயக்கத்தில் இருக்கும் தாய் மேலே படுத்து நசுக்கிவிடும்.

அதனால் தாய் தள்ளாடாமல் எழுந்து நிற்கிறவரை குட்டிகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள். பால் மட்டும் காத்திருக்காது. சீம்பாலில் வரும் நோயெதிர்ப்பைக் குட்டியின் குடல் முதல் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே உறிஞ்சும். சீக்கிரம் குடிப்பது நல்லது. தாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்க, இன்னொருவர் குட்டிகளைக் காம்பில் பிடித்துக் குடிக்கவைக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும்தான். முதல் தடவைக்கு முன் காம்பைச் சுற்றி அறுவைக்கு முன் தடவிய மருந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துவிடுங்கள்.

எடுத்துவைத்த கர்ப்ப நீர்த் துண்டால் குட்டிகளின் முதுகைத் துடைத்து, பின்பக்கத்தைத் தாயின் மூக்கருகே காட்டுங்கள். நக்கத் தொடங்கினால் பாதி வெற்றி. டெட்டால், சோப்பு, பவுடர் எதுவும் குட்டிமேல் படக் கூடாது. தாய்க்கு அது வேறு நாற்றம். வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் கூட்டத்தையும் ஒரு வாரம் தள்ளிவையுங்கள், சொந்தக்காரர் கோபித்துக்கொண்டாலும் சரி. தாய் உறுமாமல், தானாக நக்கிவிடுகிறது என்று பார்த்த பிறகும் முதல் இரண்டு நாள் ஆளில்லாமல் விடாதீர்கள்.

வலி வருவதற்கு முன்பே தேதி குறித்துச் செய்த சிசேரியனில் பால் இறங்க ஒன்றிலிருந்து மூன்று நாள்கூட ஆகலாம். குட்டிகளைச் சப்பவிடுவதுதான் முதல் மருந்து. மருத்துவர் மேலும் ஊசியோ மாத்திரையோ தருவார். அதுவரை நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால்மாவு. பசும்பால் மட்டும் ஊற்றினால் குட்டி மெலியும், ஏனென்றால் நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் ஏறத்தாழ இரட்டிப்பு. பால்மாவு வந்து சேரும்வரை ஓரிரு நாளுக்கு 250 மில்லி கொழுப்பெடுக்காத பாலில் இரண்டு முட்டை மஞ்சள் கருவும் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயும் அடித்துக் கலந்து வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். தண்ணீர் சேர்க்காதீர்கள்.

அளவு முதல் வாரத்தில் 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு 13 மில்லி. 300 கிராம் குட்டிக்கு நாளைக்கு 39 மில்லி, எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 5 மில்லி. கைக்குழந்தையைப் போல மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும். குட்டி குப்புறப் படுத்தபடி தலையைச் சற்றே நிமிர்த்திக் குடிக்க வேண்டும். தாய் நக்காவிட்டால் ஒவ்வொரு வேளைக்கும் பிறகு வெந்நீரில் நனைத்த பஞ்சால் குட்டியின் அடிப்பக்கத்தைத் தடவிவிடுங்கள், அப்போதுதான் சிறுநீரும் மலமும் போகும்.

குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். உடம்பு 94 டிகிரிக்குக் கீழே இருந்தால் குடல் அசையாது; பால் உள்ளே புளித்து வீங்கும் அல்லது மூச்சுக்குழலில் இறங்கும். முதலில் ஒரு மணி நேரமாவது மெல்லச் சூடேற்றி, குட்டி நெளியத் தொடங்கிய பிறகு பால்.

கிடையும் வெப்பமும்

முதல் வாரத்தில் குட்டி படுக்கிற இடம் 85 முதல் 90 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். நம் கரையில் சித்திரை வைகாசியில் அறையே அதைத் தாண்டும். அப்போது பல்பு போடுவது குட்டியை வேகவைப்பதற்குச் சமம். புழுக்கத்தில் தாய் இரைத்து எழுந்து போய்விடும், பால் குறையும். விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிடுங்கள், நேராக அடிக்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் கணக்கு தலைகீழ்: சிமெண்டுத் தரை ஈரம் கோக்கும், கரண்டு போகும். தரைக்கும் படுக்கைக்கும் நடுவே பலகை போடுங்கள். 40 வாட் குண்டு பல்பைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் மூன்றடி உயரத்தில் தொங்கவிட்டால், சூடு வேண்டாத குட்டி மறுபக்கம் நகர இடம் இருக்கும். கரண்டு இல்லாவிட்டால் வெந்நீர் பாட்டில். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கத்தினால் குளிர்; தனித்தனியாகச் சிதறிக் கிடந்தால் சூடு; பக்கம் பக்கமாகப் படுத்துத் தூக்கத்தில் துள்ளினால் சரி.

பெட்டி தாய் காலை நீட்டிப் படுக்கிற அகலம், விளிம்பு ஒரு சாண். சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் நான்கு விரல் தள்ளிச் சுற்றிலும் ஒரு பி.வி.சி. குழாய் ஓட்டிவிட்டால் தாய் சாய்ந்தாலும் குட்டி சுவரோடு நசுங்காது. விரிப்புக்குப் பழைய கைலி, பருத்திச் சேலை. நாளைக்கு இரண்டு தடவை மாற்றுங்கள். மணலில் மட்டும் படுக்கவிடாதீர்கள், தையலில் ஒட்டும், உண்ணியும் அங்கேதான். பெட்டிமேல் கொசுவலை போடுங்கள். மீன் காய்கிற ஊரில் ஈக்குப் பஞ்சமில்லை, காயத்தில் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு.

தினமும் ஒரே நேரத்தில் குட்டிகளை எடை போடுங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்கலாம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு நாளுக்கு 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். 10 முதல் 14 நாளில் பிறந்த எடை இரட்டிப்பாகும். இளைக்கிற குட்டி கத்துவதற்கு முன்பே தராசு சொல்லிவிடும்.

தையல், கழிவு, மடி

தையலை இரண்டு வேளை பாருங்கள். லேசான வீக்கமும் காய்ந்த பொருக்கும் சரி. சீழ், நாற்றம், சூடு, விரிசல், உள்ளிருந்து ஏதோ புடைப்பது, மூன்றாம் நாளுக்குப் பிறகும் நீர் சொட்டுவது, இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மஞ்சள் பொடி, தேங்காயெண்ணெய், களிம்பு எதையும் தடவாதீர்கள். பக்கத்துக் காம்பைச் சப்பும் குட்டி வாயில்தான் போகும். கழுத்தில் போடும் கூம்பு குட்டியை நக்கவிடாது, அதனால் தாய் தனியாக இருக்கும்போது மட்டும் மாட்டுங்கள். குட்டிகளின் நகத்தை வாரம் ஒரு முறை நுனி வெட்டுங்கள். குளியல் கிடையாது, கடலில் இறக்குவதும் கிடையாது. வெளித் தையல் இருந்தால் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள்.

பின்பக்கக் கழிவு முதலில் கரும்பச்சை, பிறகு செம்பழுப்பு, நாளுக்கு நாள் குறைந்து மூன்று வாரத்தில் நிற்கும். சிலவற்றுக்கு இன்னும் கொஞ்சம் நீளும். நாற்றமோ சீழோ வந்து, வெப்பம் 103-க்கு மேல் போய், தாய் குட்டிகளைக் கவனிக்காமல் படுத்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். தினமும் மடியை ஒவ்வொரு காம்பாகத் தடவிப் பாருங்கள். ஒரு மடி மட்டும் கல்லாகி, சிவந்து, தொட்டால் தாய் சீறினால் மடிநோய். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கறுத்துவிட்டால் அந்த இடம் அழுகத் தொடங்கிவிட்டது.

வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து பாரசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் எடுக்காதீர்கள், நாய்க்கு விஷம். மருத்துவர் எழுதிய வலி மருந்தைச் சொன்ன நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். கிருமிக்கொல்லி எழுதும்போது பால் கொடுக்கிறது என்று நினைவுபடுத்துங்கள்: செஃபலெக்சின், அமாக்சிசிலின் வகை சரி, டெட்ராசைக்ளினும் என்ரோஃபிளாக்சசினும் குட்டிகளுக்கு ஆகாது. உண்ணி மருந்தை மடியில் தெளிக்காதீர்கள்.

கால்சியம் இறங்கும்போது

முதல் நான்கு வாரத்துக்குள், அதிலும் சின்ன நாய், நிறையக் குட்டி என்றால் இதை எதிர்பார்க்க வேண்டும். தாய் நிலைகொள்ளாமல் அலையும், இரைக்கும், குட்டிகளை விட்டு விலகும். பிறகு கால் விறைத்து மரக்கட்டை போல நடக்கும், சதை துடிக்கும், வலிப்பு வரும். மாடு வளர்ப்பவர்களுக்குப் பால் காய்ச்சல் தெரியும், மூலம் அதேதான். ஆனால் மாடு குளிர்ந்து படுத்துவிடும், நாய்க்கு உடம்பு 105-க்கு மேல் கொதிக்கும். அதனால் பலர் இதைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து நேரத்தைக் கடத்துகிறார்கள்.

குட்டிகளை உடனே பிரியுங்கள். தாயை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே வண்டி ஏற்றுங்கள். மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட்டை இரத்தக்குழாயில் மிக மெதுவாக, நெஞ்சுத் துடிப்பைக் கேட்டபடி ஏற்றுவார். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். இதை வீட்டில் யாரும் போடக் கூடாது. குட்டிகளுக்கு 24 மணி நேரமாவது பால்மாவு. சினையில் கால்சியம் டானிக் ஊற்றிய நாய்க்கு இது வர வாய்ப்பு கூடும்: வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும், பால் பெருகும் நாளில் திடீரென்று எழுப்பினால் எழாது.

சாப்பாடு

மயக்கம் தெளிந்து விழுங்கத் தெரிந்ததும் கொஞ்சமாகத் தொடங்குங்கள்: குழைந்த சோறு, எலும்பில்லாத கோழி, அவித்த முட்டை. முதல் வாரம் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு, இரண்டாம் வாரம் இரண்டு மடங்கு, மூன்றாம் நான்காம் வாரம் மூன்று மடங்குவரை, நான்கு வேளையாகப் பிரித்து. குட்டி வளர்ச்சிக்கென்று விற்கும் தீனி கட்டுப்படியானால் பால் கொடுக்கும் தாய்க்கு அதுவே பொருத்தம். சாளை மீன் இங்கே மலிவு, அவித்து முள் நீக்கிக் கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு. கரையில் ஒதுங்கும் பேத்தை மீனை முகரக்கூட விடாதீர்கள், அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. குழம்பு மிச்சமும் கூடாது, வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். தண்ணீர் எப்போதும் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் தாய் குறைவாகக் குடிக்கும், பாலும் குறையும். நீங்கள் குடிக்கிற காவிரித் தண்ணீரையே வையுங்கள்.

குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்தில் முதல் பூச்சி மருந்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எட்டாம் வாரம்வரை; அதே நாளில் தாய்க்கும். நான்காம் வாரத்திலிருந்து கூழாகக் கரைத்த தீனி பழக்கலாம். பால் மறந்து மடி வற்றிய பிறகு கருத்தடைக்குத் தேதி வாங்குங்கள். மறுபடி குட்டி வேண்டும் என்பவர்கள் அடுத்து வரும் பருவத்தையாவது விட்டுவிட வேண்டும், அறுத்த கர்ப்பப்பைக்கு ஆற அவகாசம் தேவை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இந்த அறுவைச் சீட்டைக் கையில் கொண்டுபோங்கள்: என்ன காரணத்துக்காக அறுத்தது, எந்த மயக்க மருந்து, எத்தனை குட்டி பிழைத்தது. இடுப்பு ஒடுக்கத்தால் அறுத்திருந்தால் அடுத்ததும் சிசேரியன்தான். குட்டி கோணிக் கிடந்ததால் என்றால் அடுத்தது தானாகவே பிறக்கலாம்.